கற்கண்டுக்கு ஒரு கிண்ணம் தேநீர்

மார்கிலான் நகரில் விருந்தாளிக்குக் கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றினால், "குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று பொருள். அரைக் கிண்ணம் ஊற்றினால்தான் மரியாதை. தீரத் தீர ஊற்றி, விருந்தாளியை உட்கார வைத்துக்கொண்டே இருக்கலாம் அல்லவா?

ஊற்றுவது வீட்டுக் கடைக்குட்டியின் வேலை. தோஹிர் வீட்டில் அது பத்து வயது மஃப்துனா.

அப்பா தோஹிர் மினிபஸ் ஓட்டுகிறார். உட்கார்ந்தே வேலை, உட்கார்ந்தே சாப்பாடு. தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டது. பிறகு சர்க்கரை நோய் வந்தது. போன வாரம் டாக்டரம்மா, "சிறுநீர்ல புரதம் கசியுது" என்று சொல்லிவிட்டார்.

"அப்படின்னா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள் கூடப் போயிருந்த மஃப்துனா.

"வீட்டுல தயிரைத் துணியில கட்டித் தொங்கவிடுவீங்கல்ல? தண்ணி வடியும், தயிர் தங்கும். சிறுநீரகமும் அப்படித்தான் ரத்தத்தை வடிகட்டுது. ரத்தத்துல சர்க்கரை ஏறினா அந்தத் துணி நைஞ்சுபோகும். உடம்பு கனத்தா அதுக்கு வேலையும் கூடும். இப்பதான் கசிய ஆரம்பிச்சிருக்கு, காப்பாத்திடலாம். விட்டுட்டா அப்புறம் மிஷின்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்."

அன்றிலிருந்து கொல்லையில் தொங்கும் தயிர் மூட்டையைப் பார்த்தாலே மஃப்துனாவுக்குப் பயமாக இருந்தது.

அப்பா சர்க்கரை டப்பாவைத் தானே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா ஸும்ராத் வந்தார். கையில் தட்டு நிறையக் கற்கண்டு.

"அத்தை, இனிப்பு கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க!"

"போடி இவளே! அவங்க சொன்னது சர்க்கரையை. இது கற்கண்டு, மருந்து! வயித்து வலிக்கே இதைத்தானே குடுப்போம்? போட்டுக்கோ தம்பி."

அப்பா தலையைச் சொறிந்தார். அக்கா பேச்சை அவர் தட்டியதே இல்லை. பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்தார்.

மஃப்துனாவுக்கு அழுகை முட்டியது. அத்தையோடு சண்டை போடவும் மனமில்லை. அத்தையும் அப்பா மேல் உயிரையே வைத்திருப்பவர்தான்.

அவள் கெண்டியை எடுத்தாள். அத்தைக்கு அரைக் கிண்ணம், அப்பாவுக்கு அரைக் கிண்ணம் ஊற்றினாள். இன்னொரு கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிக் கற்கண்டுத் தட்டின் முன்னால் வைத்தாள்.

"இது யாருக்குடி?"

"கற்கண்டாருக்கு. அவரும் சர்க்கரைப் பாகுல பிறந்தவர்தானே அத்தை? குடிச்சிட்டுக் கிளம்பட்டும்."

அப்பா தொப்பை குலுங்கச் சிரித்தார். கட்டியைத் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

அத்தை சிரிக்கவில்லை. "பாகுதான். கடையில காய்ச்சறதை நானே பார்த்திருக்கேனே..." என்றார். கண் கலங்கியது. தட்டைத் துணியால் மூடினார்.

"இந்த விருந்தாளியை நானே கூட்டிட்டுப் போறேன். தம்பி, நீயும் எழுந்திரு. வண்டி வேணாம், நடந்தே என்னை வீட்டுல கொண்டுவந்து விடு."

அந்த நடை தினமும் தொடர்ந்தது. சில மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கசிவு குறைந்திருந்தது. செய்தி கேட்டு அத்தை ஓடி வந்தார், தட்டு நிறைய வெள்ளரிப் பிஞ்சுகளோடு.

மஃப்துனா அந்தத் தட்டின் முன்னாலும் ஒரு கிண்ணம் வைத்தாள். அரைக் கிண்ணம்தான் ஊற்றினாள்.