குறைபாடு எதுவும் இல்லை

லிஃப்ட் மணி அடித்ததும் சம்பந்தி நாற்காலியை விட்டு எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஆறாவது மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு நேர் எதிரே லிஃப்ட். மணி அடித்தால் யாரோ வருகிறார்கள். அடிக்காவிட்டால் அன்றைக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஒரு பெண்ணும், பிளாஸ்டிக் உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட சிறுமியும் உள்ளே வந்தார்கள்.

"வாங்க வாங்க, உட்காருங்க. என்ன விலையில பார்க்கறீங்க?" என்றார் சம்பந்தி.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. ஆயுசில் பெரும்பகுதியை ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டியே கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு அம்மாளின் அலுவலகத்தில் உதவியாளராக வந்து ஒட்டிக்கொண்டார். அந்த அம்மாள்தான் துப்பறிவாளர். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கப் பழகியவர். சம்பந்தி எத்தனை தப்பாக ஊகித்தாலும் அவர் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார். "சம்பந்தி சொல்றதிலயும் ஒரு விஷயம் இருக்கு" என்பார். அப்படிச் சொன்னால் தன் ஊகம் குப்பைக்கூடைக்குப் போய்விட்டது என்று சம்பந்திக்கும் இப்போதெல்லாம் தெரியும்.

"என் பொண்ணு பேச மாட்டேங்கறா. அதுதான் பிரச்சினை" என்றாள் அந்தப் பெண்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"தொண்டையில ஒண்ணும் இல்லைன்னுட்டார். வீட்ல இவளுக்கு ரேடியோன்னுதான் பேரு. காலைல எழுந்தா ராத்திரி தூங்கற வரைக்கும் ஏதாவது ஒரு கதை ஓடிட்டே இருக்கும். மதிப்பெண் அட்டை வந்ததிலிருந்து கேட்டதுக்கு மட்டும் பதில். வீடே வெறிச்சுனு இருக்குங்க. லீவு முடிஞ்சாலும் பள்ளிக்கூடம் போக மாட்டாளாம்."

"மார்க் குறைஞ்சிருச்சா கண்ணு?" என்று சம்பந்தி குனிந்தார்.

சிறுமி இல்லையென்று தலையாட்டினாள். பிறகு, பல நாள் அடைத்து வைத்தது உடைத்துக்கொண்டு வந்ததுபோல் பேசினாள். "எங்க டீச்சர் எல்லாருக்கும் சிரிப்பா எழுதியிருக்காங்க. ஒருத்தனுக்கு, 'இவன் விடைகள் எப்போதும் சரி. பக்கத்து இருக்கைக்காரன் தவறு செய்யும் நாளில் மட்டும் இவனும் தவறு செய்கிறான்'னு எழுதினாங்க. என் ஃப்ரெண்டுக்கு, 'இவள் பென்சில் சீவியதில் ஒரு மரம் தீர்ந்துவிட்டது; இனி எழுதத் தொடங்கலாம்'னு. கடைசி பெஞ்சுல ஒருத்தன் தூங்கிட்டே இருப்பான். அவனுக்குக்கூட, 'இவன் தூக்கத்தில் சொன்ன விடை ஒரு முறை சரியாக இருந்தது'ன்னு எழுதியிருக்காங்க. எல்லாரும் போன்ல படிச்சுக் காட்டினாங்க. எனக்கு மட்டும்…"

உறையை மேசைமேல் வைத்தாள். அவள் கீழுதடு துடித்தது.

அட்டையில் ஆசிரியர் குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. அதன்மேல் பெரிய, கவனமான எழுத்தில் ஒரு குறிப்பு: 'பார்வையிட்ட வரையில் குறைபாடு எதுவும் இல்லை. தொடர்ந்து இயங்கலாம்.'

"டீச்சருக்கு என்னைத் தெரியவே தெரியாது போல" என்றாள் சிறுமி.

"தப்பா ஏதோ எழுதிட்டு, டீச்சரே மேல ஒட்டித் திருத்தியிருக்காங்கன்னுதான் நானும் நினைச்சேன். கேட்கலாம்னா அவங்க மலையேறப் போயிருக்காங்க. போன் எடுக்கல" என்றாள் தாய்.

"அட்டை வீட்டுக்கு வந்ததும் முதல்ல பார்த்தது யாரு?"

"என் வீட்டுக்காரர்தான் பள்ளிக்கூடத்துல போய் வாங்கிட்டு வந்தார். இப்போ கீழே வண்டியை நிறுத்திட்டு வரேன்னிருக்கார். சாயங்காலம் கூடத்து மேசைமேல இருந்துது. இவளோட அண்ணனும் வீட்லதான் இருந்தான்."

"அண்ணனா?" என்று சம்பந்தி நிமிர்ந்தார். "எத்தனாவது படிக்கறான்?"

"பத்தாவது. ரெண்டு பேருக்கும் எலியும் பூனையும்தான்."

"முடிஞ்சது கேஸ்" என்றார் சம்பந்தி. "தங்கச்சியை வெறுப்பேத்த அவன்தான் ஒட்டியிருக்கான்."

"சம்பந்தி சொல்றதிலயும் ஒரு விஷயம் இருக்கு" என்றார் துப்பறிவாளர். சம்பந்தி பெருமூச்சு விட்டுவிட்டு டீ ஊற்றப் போனார்.

அவர் டீயை மேசைக்குக் கொண்டுவரும்போது கதவு தட்டப்பட்டது. மணி எதுவும் அடிக்காததால் சம்பந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த டீ சிந்தி அட்டைமேல் தெறித்தது. உள்ளே வந்தவர் சிறுமியின் அப்பா. தோளில் கனமான தோல் பை, சட்டை முழுக்க வேர்வை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"வண்டி நிறுத்த இடம் கிடைக்கல" என்றார் ஒருவழியாக.

சம்பந்தி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். "வெளியில வெயில் அப்படி. சார் என்ன வேலை பார்க்கறீங்க?"

"லிஃப்ட் பரிசோதகர்ங்க."

"அடடே. அப்போ எங்க கட்டிட லிஃப்டும் நீங்க பார்க்கறதுதானா?"

"இல்லைங்க. இந்த வட்டாரம் வேற ஒருத்தர் பார்க்கறார்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது.

துப்பறிவாளர் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீ பட்ட இடமெல்லாம் அட்டை ஊறி உப்பியிருந்தது. வெள்ளைத் துண்டின்மேல் மட்டும் துளிகள் உருண்டு நின்றன. கைக்குட்டையால் அவற்றை ஒற்றி எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சம்பந்தி சத்தமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி கழன்றால் விடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"இதை டீச்சர் எழுதல" என்றார் துப்பறிவாளர்.

சிறுமி தலையை நிமிர்த்தினாள்.

"தூங்கறவனைக்கூட ரசிச்சு எழுதற கை இது இல்லை. அதோட பள்ளிக்கூடத்துல திருத்தினா சாதாரணத் தாளைத்தான் ஒட்டுவாங்க. இது டீ பட்டாலும் ஊறாத தாள். எண்ணெய், ஈரம் எல்லாம் படற இடத்துல ஒட்டறதுக்குன்னே செய்யறது."

"அப்போ அண்ணன்…" என்று இழுத்தார் சம்பந்தி.

"குறும்புக்கு ஒட்டறவன் தங்கச்சியை அழ வைக்கற மாதிரி எழுதுவான். இல்லாட்டி தான் சிரிக்கற மாதிரியாவது எழுதுவான். இதைப் படிச்சா யாருக்காவது எதாவது தோணுதா? தோணக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. யார் கண்ணுலயும் படாம நழுவணும்னு நினைச்ச ஒரு ஆள் எழுதினது. ஆனா அவசரத்துல எழுதினார். அவசரத்துல மனுஷனுக்கு வாயில என்ன வரும்? நம்ம சம்பந்தியையே பாருங்க. கடையை விட்டு வந்து எவ்வளவோ நாளாச்சு. இன்னும் வர்றவங்ககிட்ட விலை கேட்கறார்."

சம்பந்தி பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தார்.

"ஒரு குழந்தையைப் பார்த்து 'தொடர்ந்து இயங்கலாம்'னு எந்த டீச்சரும் எழுத மாட்டாங்க. இயந்திரத்தைப் பார்த்து எழுதி எழுதிப் பழகினவர்தான் எழுதுவார்."

தாய் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் தோல் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆனா ஏன்?" என்றார் சம்பந்தி. இந்த முறை அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "பொண்ணு நல்லாத்தானே படிக்குது. மறைக்க என்ன இருக்கு?"

"பொண்ணைப் பத்தி ஒண்ணும் இல்லை. அதுதான் எனக்கும் முதல்ல இடிச்சது. அட்டையில இருந்தது அவரைப் பத்தின ஏதோ ஒண்ணு." துப்பறிவாளர் கதவைக் காட்டினார். "சம்பந்தி, இவங்க ரெண்டு பேரும் வரும்போது மணி அடிச்சுது. சார் வரும்போது அடிச்சுதா?"

"இல்லையே. அதனாலதானே டீயைக் கொட்டினேன்."

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. வண்டியை நிறுத்திட்டு வர்றவருக்கு இப்படி மூச்சு வாங்காது. ஆறு மாடி படியேறி வந்தா வாங்கும்." அவர் குரல் இன்னும் மென்மையானது. "மீதியை நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

அப்பா மனைவியைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு லிஃப்ட்ல ஏற பயம்."

"வேலைக்குன்னா ஏறுவேன். ஒவ்வொரு பாகமா என் கையால பார்த்துட்டு, அப்புறம் ஏறுவேன். வேற ஒருத்தர் பார்த்த லிஃப்ட்னா கால் உள்ள போகாது. மத்தவங்களுக்கு அது ஒரு பெட்டி. அதுல என்னென்ன கெட்டுப்போகும்னு எனக்குத்தான் தெரியும்."

"தொப்பை குறையத்தான் படியேறறேன்னீங்க" என்றாள் மனைவி. "நான் என் அக்கா, தங்கச்சி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லி, அவங்க வீட்டுக்காரங்களையும் ஏற வெச்சேன்."

"அதனாலதான் சொல்ல முடியல. டீச்சர் அதை எழுதியிருந்தாங்க. நீ படிச்சா மானம் போயிடும்னு, வண்டியிலயே உட்கார்ந்து பையில இருந்த லேபிளை எடுத்து ஒட்டிட்டேன். இவ இப்படி வாடிப்போவான்னு நினைக்கல. தினமும் சொல்லிடணும்னுதான் நினைப்பேன். வாய் வராது." அவர் மகளைப் பார்த்தார். "தப்பு பண்ணிட்டேன் கண்ணு."

பையைத் திறந்து ஒரு மெல்லிய தகட்டை எடுத்தார். லேபிளின் ஓரத்தில் நுழைத்து, நோகாமல், கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். தொழில்காரர் கை, அடியில் இருந்த ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. அட்டையை மகளிடம் நீட்டினார்.

சிறுமி சத்தமாகப் படித்தாள்.

"இவள் கதை சொன்னால், மணி அடித்த பிறகும் வகுப்பில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. லிஃப்ட் பரிசோதகரான அப்பா, லிஃப்டில் ஏறப் பயந்து ஒன்பது மாடி படியேறி, வழியில் யாராவது வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து மூச்சு வாங்கும் கதையைக் கேட்கப் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் வந்துவிட்டார். கற்பனைக்கு நூற்றுக்கு நூறு. இவள் வராத நாளில் எனக்கே பள்ளிக்கூடம் பிடிப்பதில்லை."

கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள். பிறகு வாய்க்குள்ளேயே மறுபடியும் படித்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. அதைப் பார்த்து சம்பந்திக்கும் வயிறு குலுங்கியது. அப்பாகூடத் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். இத்தனை நாள் நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கிவிட்டது அவருக்கு.

சிறுமி மட்டும் திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"கற்பனைன்னு போட்டிருக்காங்க."

"நல்லதுதானே? நூத்துக்கு நூறு போட்டிருக்காங்களே" என்றார் சம்பந்தி.

"நான் கற்பனை பண்ணல. அப்பாகூடப் படியேறும்போது நடந்ததைத்தான் சொன்னேன். அப்பா ரகசியம்னு சொல்லவே இல்ல. இப்போ டீச்சர் நான் கதை விட்டேன்னு நினைச்சுட்டிருக்காங்க."

துப்பறிவாளரைப் பார்த்தார் சம்பந்தி. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையைத் தன் பக்கம் திருப்பினார். அடியில் பெற்றோர் எழுத ஒரு கட்டம் இருந்தது. வருஷா வருஷம் வெறும் கையெழுத்து மட்டுமே விழும் இடம். அதில் பெரிய, கவனமான எழுத்தில் எழுதத் தொடங்கினார். 'மதிப்புக்குரிய ஆசிரியருக்கு. என் மகள் சொன்னது கற்பனை இல்லை. அந்த அப்பா நான்தான்.'

"இதைப் பள்ளிக்கூடம் முழுக்கப் படிப்பாங்க" என்றாள் மனைவி மெதுவாக.

"படிக்கட்டும்."

சிறுமி நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, அவர் தோளில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"செருப்பையும் எழுதுங்கப்பா. உங்க செருப்புல வாரே கிடையாது, சும்மாதான் குனிவீங்கன்னு. அதை நான் வகுப்புல சொல்லல. சொன்னா உங்களுக்கு வெட்கமா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் பேனாவை நிறுத்தி மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து அதையும் எழுதினார்.