குண்டு கார்டும் ஒல்லிக் கார்டும்

மிளகு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆள் அவ்வளவு சிறிசு, வாய் அவ்வளவு காரம். அதனால் சித்தப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது மட்டும்தான் சொந்தப் பெயர் காதில் விழும். அப்போதும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சில நாள் சும்மா இருந்துவிடுவாள்.

வீட்டின் முன்னறைதான் அப்பாவின் பட்டறை. அதில் பாதியை ஒரு மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. பலகையை அதன்மேல் படுக்க வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். சுழலும் கத்தி இறங்கி வந்து எழுத்து எழுத்தாக வெட்டிப் போடும். கடைப் பெயர், வீட்டுப் பெயர், டாக்டர் பெயர், எதுவானாலும் சரி. அம்மா கம்ப்யூட்டரில் எழுத்தை வரைவாள். அப்பா வெட்டுவார். வெட்டின ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது மிளகின் வேலை.

அந்த மெஷின் இப்போது பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

மெஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்த மதர்போர்டு புகைந்து செத்துப்போனது. மதர்போர்டு என்பது பெரிய பச்சைத் தகடு. மற்ற பாகமெல்லாம் அதில் போய்த்தான் சொருகிக்கொள்ள வேண்டும். சொருகுவதற்கு நீளநீளமாகப் பள்ளம் இருக்கும். ஸ்லாட் என்பார்கள்.

ஒரு போர்டு செத்தால் இன்னொன்று வாங்கவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் வம்பு. மெஷினை ஓட்டும் கார்டு பழைய காலத்தது, ஒல்லியானது. அதற்குப் பழைய மாதிரி ஸ்லாட் வேண்டும். அம்மா படம் வரைய உதவும் கார்டு புதியது. முதுகில் இரண்டு விசிறியைச் சுமந்துகொண்டு குண்டாக இருக்கும். அதற்குப் புது மாதிரி ஸ்லாட் வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையவே நுழையாது. செத்துப்போன போர்டில் இரண்டுக்கும் இடம் இருந்தது. இப்போது கடைக்கு வரும் போர்டுகளில் பழைய ஸ்லாட்டைக் காணவே காணோம். கம்பெனிக்காரர்கள் யாரைக் கேட்டு எடுத்தார்களோ தெரியாது. ஆளுக்கு ஒன்றாக இரண்டு கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள அந்த வீட்டில் வசதியும் இல்லை, இடமும் இல்லை.

இதற்கிடையில் ஒரு புது ஆஸ்பத்திரிக்கு, அறைக்கு ஒரு பெயர்ப்பலகை செய்து தருவதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்காரர் தினமும் போன் பண்ணி, முடியுமா முடியாதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா வந்து ஒரு யோசனை சொன்னார்.

"அண்ணே, அந்தப் பழைய கார்டுக்காக ஊர் ஊரா அலையாத. மெஷினை எடைக்குப் போட்டுட்டு வேற தொழில் பாரு. ஞாயித்துக்கிழமை பழைய இரும்பு எடுக்கிறவரைக் கூட்டிட்டு வரேன்."

அப்பா மெஷின்மேல் படிந்திருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மிளகுக்கு அதுதான் பயம். வேண்டாம் என்றால் அப்பா உடனே சொல்லிவிடுகிற ஆள்.

மறுநாள் அப்பாவும் சித்தப்பாவும் கடைசி முயற்சியாகக் கடைத்தெருவுக்குப் போனார்கள். பழைய ஸ்லாட், புது ஸ்லாட், இரண்டும் உள்ள போர்டு இருக்கிறதா என்று ஒரு கடையில் கேட்டார்கள். இருக்கிறது என்றார் கடைக்காரர். சந்தோஷமாக வாங்கி வந்தார்கள்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் விற்கிறவர்கள் முழு உண்மையையும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மா திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குண்டு கார்டைப் புது ஸ்லாட்டில் சொருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒல்லிக் கார்டைச் சொருகப் போனால், பழைய ஸ்லாட்டைக் காணோம். மூட்டையோடு பேருந்தில் ஏறினவர் பக்கத்து இருக்கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதுபோல, குண்டு கார்டு தன் விசிறிகளோடு அதன்மேல் படுத்துக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்லாட்டும் அவ்வளவு நெருக்கம்.

சித்தப்பா கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாம் என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மிளகு மட்டும் இரண்டு கார்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் எல்லாரும் வாயால்தானே கேட்டார்கள், ஒருத்தரும் அளந்து பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

செருப்பு வந்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். ஒல்லிக் கார்டை அதன்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். அடியில் இருந்த சின்ன வெட்டைக்கூட விடாமல் கத்தரித்தாள். அடுத்து குண்டு கார்டு. அதற்கு முதுகு வேண்டுமே? அட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அசல் கார்டின் தடிமன் வரும்வரை ஏற்றிக்கொண்டே போனாள். வீட்டிலிருந்த பசை தீர்ந்துபோனது.

சனிக்கிழமை அப்பாவை அவள்தான் கிளப்பினாள். கையில் இரண்டு அட்டைக் கார்டு. அப்பாவின் பையில் உதவாத போர்டு, யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்ற நப்பாசையில்.

ஒரு கடையில் சிரித்தார்கள். இன்னொரு கடையில் அதையெல்லாம் மியூசியத்தில் போய்த் தேடுங்கள் என்றார்கள். கடைசியாகத் தெருக்கோடியில் எக்ஸ்ரே மாமாவின் கடை.

பிரித்துப்போட்ட கம்ப்யூட்டர் பாகங்களை விற்கிறவர் அவர். உள்ளே வருகிறவரைத் தலையிலிருந்து கால்வரை ஊடுருவிப் பார்ப்பார். அதனால் தெருவே அவரை எக்ஸ்ரே என்றது. அவர் பார்வை போதாதென்று கடையின் நாலு மூலையிலும் கேமரா வேறு. எதையும் சொருகிப் பார்க்க விடமாட்டார். சொருகுகிறேன் என்று வந்து ஸ்லாட்டை உடைத்துவிட்டு, முன்பே உடைந்திருந்தது என்று சாதித்தவர்கள் நிறையப் பேர். அவர் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

மிளகு கையிலிருந்த கார்டுகளை நீட்டியதுமே அவர் கையை நீட்டித் தடுத்தார். சொருகுகிற வேலையே கூடாது என்றார்.

"இது அட்டை மாமா. உங்க ஸ்லாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. உடைஞ்சா என்னோடதுதான் உடையும்."

அவர் அதை வாங்கி வளைத்துப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். பசை வாடைதான் அடித்தது. சரி, பார்த்துத் தொலை என்று அலமாரியைக் காட்டினார்.

மிளகு ஒவ்வொரு போர்டாக வைத்துப் பார்த்தாள். ஒன்றில் பழைய ஸ்லாட் மட்டும். இன்னொன்றில் புதியது மட்டும். இரண்டும் இருந்த ஒன்றில் வீட்டில் நடந்த அதே கதை, குண்டு ஒல்லியை மூடிக்கொண்டது. அலமாரி தீர்ந்துபோனது. அப்பா எழுந்து, போகலாம் பாப்பா என்றார். அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு மெஷின் போகட்டும் என்று சொல்கிற குரல் அது.

அவள் வாசலைப் பார்க்காமல் எக்ஸ்ரே மாமாவின் மேஜையைப் பார்த்தாள். அங்கே அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் கதவு இல்லாமல் திறந்து கிடந்தது. நாலு கேமராவையும் காட்டுவது அதுதான். உள்ளே ஒரு பழைய ஒல்லிக் கார்டு சொருகியிருந்தது. கேமராக் கம்பிகள் அதில்தான் வந்து சேர்ந்தன. அதற்கு மேலே வெற்று இடம். அதற்கும் மேலே, நல்ல தூரத்தில், காலியாக ஒரு புது ஸ்லாட்.

மிளகு அட்டையை அருகில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள். குண்டு கார்டுக்குத் தாராளமாக இடம் இருந்தது. ஒல்லிக்கு மூச்சு முட்டவில்லை.

"மாமா, இதைக் குடுப்பீங்களா?"

எக்ஸ்ரே மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கடையையே தூக்கிக்கொண்டு போ என்றார். அது போனால் தன் கேமரா என்னாவது என்றார்.

மிளகு அப்பாவின் பையிலிருந்த போர்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இதை வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதைக் கொடுங்கள் என்றாள்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய போர்டைச் செய்த அதே கம்பெனி, அதைவிடப் புதிய மாடல். மற்ற பாகமெல்லாம் அப்படியே பொருந்தும். அவர் முகத்தில் சந்தேகம் இன்னும் கூடியது.

"புதுசைக் குடுத்துட்டுப் பழசைக் கேக்குறீங்க. எங்கயோ இடிக்குதே."

அப்பா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். மிளகு முந்திக்கொண்டாள்.

"ஆமா மாமா, இதுல ஒரு குறை இருக்கு."

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. மிளகு நிறுத்தவில்லை. அட்டைக் கார்டுகளை வைத்து, குண்டு எப்படி ஒல்லியை மூடுகிறது என்று செய்தே காட்டினாள்.

"எங்களுக்கு ரெண்டும் வேணும், அதனால இது உதவாது. உங்ககிட்ட குண்டு கார்டே இல்லையே. உங்க கேமராக் கார்டு இதுல நல்லா உக்காரும்."

எக்ஸ்ரே மாமா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"குறையைச் சொல்லிட்டுப் பொருளைக் குடுக்கிற ஆளை இந்தத் தெருவுல இன்னிக்குத்தான் பாக்குறேன். உங்க பொண்ணாய்யா இது?"

"ஆமாங்க. நான் இருமிப் பாத்தேன், கேக்கலை" என்றார் அப்பா.

எக்ஸ்ரே மாமா முதல்முறையாகச் சிரித்தார். ஆனாலும் ஆள் மாறிவிடவில்லை. முதலில் தன் கம்ப்யூட்டர் ஓட வேண்டும், பிறகுதான் பழைய போர்டு கைமாறும் என்றார். கேமரா நிற்கும் நேரத்தில் யாராவது நுழைந்துவிடுவார்கள் என்று ஷட்டரை இழுத்துவிட்டார். மூன்று பேரும் உள்ளே வியர்த்துக்கொண்டு நின்றார்கள். அவரே மாற்றினார். திருப்புளியைக்கூட அப்பாவிடம் கொடுக்கவில்லை.

திரையில் படம் வந்ததும் மிளகு ஒவ்வொரு மூலைக்கும் ஓடிக் கையாட்டினாள். நாலு கட்டத்திலும் மிளகு தெரிந்தாள். அவர் தலையாட்டிவிட்டு, பழைய போர்டைத் துணியால் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அம்மா திருப்புளியோடு உட்கார்ந்தபோது, அப்பா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். குண்டு மேலே உட்கார்ந்தது. ஒல்லி கீழே உட்கார்ந்தது. அம்மா பொத்தானைத் தட்டினாள். கத்தி ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துச் சுழன்று, பலகையில் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா வந்தார். பின்னாலேயே பழைய இரும்பு எடுக்கிறவர், தோளில் எடைத் தராசோடு. முன்னறை முழுக்க மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. மெஷின் போட்ட சத்தத்தில் சுவரே அதிர்ந்தது. ஆஸ்பத்திரிப் பலகைகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தப்பா இரண்டு கையையும் வாயில் குவித்து, மெஷினை நிறுத்தச் சொல்லு, ஆள் வந்திருக்கிறார் என்று கத்தினார்.

மிளகு காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் கேக்கலை சித்தப்பா" என்றாள். ஓர் உப்புத்தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்து, தேய்க்க வேண்டிய எழுத்தையும் காட்டினாள்.

அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.