நீலம் படாத கை

லின்சியின் வலக்கை விரலில் போட்ட கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பூர்ணிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் காயத்துக்குக் காரணம் அவள்தான். அது வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

இருவரும் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தார்கள். இருவரும் சாரணியர் படையில் இருந்தார்கள். பூர்ணிமா அணித்தலைவி. முகாமில் கூடாரம் அடிக்க முளைக்குச்சி சீவப் பழக வேண்டும். படையின் மடக்குக் கத்திகளோ மழுங்கிக் கிடந்தன.

"நானே தீட்டிக்கிட்டு வர்றேன் டீச்சர்" என்று பூர்ணிமா அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அவள் ஊரில் எல்லோரும் வாய்க்கால் மதகின் படிக்கல்லில்தான் அரிவாள் தீட்டுவார்கள். புல்லறுக்கும் அரிவாளை அவள் அப்பா ஒரு பக்கமாக மட்டுமே தேய்ப்பார். அவளும் அப்படியே கத்திகளை ஒரே பக்கமாகத் தேய்த்துத் தள்ளினாள். கத்திகள் பளபளத்தன. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் மடக்குக் கத்தி அரிவாள் அல்லவே. அதன் இரண்டு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். சொரசொரப்பான கல்லில் ஒரே பக்கமாகத் தேய்த்ததில் கத்தியின் முனை மறுபக்கம் மடிந்து பிசிறு தட்டிவிட்டது. இடக்கைக்காரியான லின்சி பூவரசங்குச்சியைச் சீவியபோது, கத்தி மரத்தில் இறங்காமல் வழுக்கியது. குச்சியைப் பிடித்திருந்த வலக்கை விரலில் போய் இறங்கியது. தையல் போட வேண்டியதாயிற்று.

சாரணியர் படையை நடத்தும் ஷோபனா டீச்சர் கத்திகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பூர்ணிமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

லின்சியும் திட்டவில்லை. "நான் படையிலேர்ந்து நின்னுக்கிறேன்டி. கத்தியப் பாத்தாலே பயமா இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஷோபனா டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"கத்தி தீட்டுற கருவி ஒண்ணு வாங்கப் போறோம். உங்க கைக்கு ஆபத்து இல்லாததா இருக்கணும். நம்மகிட்ட இருக்குற காசுக்கும் கட்டுப்படி ஆகணும். நாளைக்கு மன்னார்குடிக்கு வர்றியா?"

பூர்ணிமா தலையாட்டினாள். "லின்சியும் வரணும் டீச்சர்."

"அவதான் வேணாங்கிறாளே."

"நம்ம படையில அவ கைதான் ரொம்பச் சின்னது. அவ இடக்கை வேற. அவளுக்கு ஆபத்து இல்லன்னா யாருக்குமே இல்ல டீச்சர்."

மறுநாள் லின்சியும் வந்தாள். காயத்துக்கு மருந்து வைக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவளை அவள் அம்மா சகாயம்மாள் அப்படியே கடைக்குக் கூட்டி வந்தார். அம்மாவின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"டீச்சர் கேட்டாங்கன்னு வந்திருக்கேன். எம்புள்ள இனிமே கத்தியத் தொட மாட்டா. இப்பவே சொல்லிட்டேன்."

அது சேக் தாவூதின் இரும்புக் கடை. அவர் மேசைமேல் வகைவகையான கருவிகளைப் பரப்பினார். கரண்டில் ஓடும் ஒன்றைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

"விலை கூடுதலுங்க. ஆனா பொருள் தங்கம்."

"முகாம் நடக்குறது தோப்புல. கரண்டுக்கு எங்க பாய் போறது?" என்றார் டீச்சர். அந்தக் கருவி அலமாரிக்குத் திரும்பியது.

மற்றவற்றில் எது ஆபத்தில்லாதது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தியை வைத்துப் பார்த்து, கை வெட்டுப்பட்ட பிறகு தெரிந்துகொள்வதா? பூர்ணிமா கடையைச் சுற்றிப் பார்த்தாள். சுண்ணாம்பில் கலக்கும் நீலப் பொடி ஒரு டப்பாவில் இருந்தது.

"மாமா, அதுல ஒரு சிட்டிகை தர்றீங்களா?"

பையிலிருந்து மரஸ்கேலை எடுத்தாள். நீலப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பிடிக்கும் முனையை விட்டுவிட்டு அதன் ஓரம் முழுக்கத் தடவிக் கையைக் கழுவினாள்.

"இதுதான் கத்தி. இத வச்சு ஒவ்வொண்ணுலயும் தீட்டிப் பாப்போம். கையில எங்க நீலம் படுதோ, அங்க நெசக் கத்தி வெட்டும்."

சேக் தாவூது பொடி எடுத்த கையால் கன்னத்தைச் சொறிந்துகொண்டே தலையாட்டினார். கன்னமெல்லாம் நீலமானது.

முதலில் தீட்டுக்கல். கல்லைப் பிடித்திருந்த பூர்ணிமாவின் விரல் நுனிகளெல்லாம் நீலம். அடுத்தது பிடி வைத்த கருவி. அதில் கையைக் காக்கும் தடுப்பு வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. ஸ்கேலை இடக்கைக்கு மாற்றியதும், கருவியைப் பிடித்த கையின் மணிக்கட்டில் நீலக்கோடு விழுந்தது. கடைசியாக உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கருவி. இரண்டு பக்கமும் சேர்த்துத் தீட்டும் பள்ளம் அதில் இருந்தது. விலையும் குறைவு. ஆனால் ஸ்கேல் பள்ளத்திலிருந்து துள்ளி, கருவியைப் பிடித்திருந்த விரலிலேயே பட்டது.

லின்சி அந்த நீல விரலைப் பார்த்தாள். தன் கட்டைப் பார்த்தாள். "பாத்தியா. எல்லாமே இந்த விரலத்தான் தேடி வருது" என்றாள். சகாயம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "போதும், கெளம்பலாம்" என்றார்.

லின்சி சொன்னது பூர்ணிமாவின் மனதில் ஓடியது. வெட்டுவது கத்தியைப் பிடித்த கையை அல்ல. கருவியைப் பிடித்த கையைத்தான். அந்தக் கையே அங்கே இல்லாவிட்டால்?

"அத்தை, ஒரே ஒரு கேள்வி. வீட்டுல அருவாமனைய எந்தக் கையால புடிச்சுக்குவீங்க?"

சகாயம்மாள் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "அருவாமனையக் கையாலயா புடிப்பாங்க? பலகையில காலப் போட்டு அமுக்கிக்கிறதுதான்."

"அப்ப இதையும் அப்படிப் புடிச்சா?"

அந்தச் சின்னக் கருவியின் அடியில் திருகு போட இரண்டு துளைகள் இருந்தன. சேக் தாவூதுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு பலகையைத் தேடி எடுத்து, அதன் ஒரு முனையில் கருவியைக் குறுக்குவாட்டில் வைத்து முடுக்கினார்.

பூர்ணிமா தரையில் உட்கார்ந்து, பலகையின் மறுமுனையில் காலை மடித்து வைத்து அமுக்கிக்கொண்டாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஸ்கேலைப் பள்ளத்தில் வைத்துப் பக்கவாட்டில் வெளியே இழுத்தாள். பிறகு இடக்கையால் எதிர்ப்பக்கம் இழுத்தாள். எந்தக் கையிலும் புதிதாக நீலம் படவில்லை.

"குடு இங்க" என்று சகாயம்மாள் ஸ்கேலை வாங்கினார். புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, வேண்டுமென்றே வேகமாக இழுத்தார். ஸ்கேல் துள்ளியது. தரையில்தான் நீலம் தெறித்தது. அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையும் பார்த்தார்.

"நீயும் ஒருக்கா இழு" என்றார் மகளிடம்.

லின்சி தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு இடக்கையால் இழுத்தாள். சகாயம்மாள் அவள் கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தார். எங்கும் நீலம் இல்லை.

"இதையே எடுத்துக்கலாம் டீச்சர்" என்றார். மகள் படையில் நீடிப்பதை அவள் விருப்பத்துக்கே விட்டார்.

லின்சியின் தையல் பிரித்த மறு வாரம், டீச்சர் பீரோவைத் திறந்து கத்திகளை எடுத்து வந்தார். பூர்ணிமா வேப்பமரத்தடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். லின்சி எட்ட நின்று பார்த்தாள். பூர்ணிமா அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடத் தனக்கு உரிமை இல்லை என்று அவள் நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பலகையின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"எழுந்திரு" என்றாள் லின்சி. "நான் பாக்குறேன்."

அவள் உட்கார்ந்தாள். தழும்பு விழுந்த விரல் முதுகுக்குப் பின்னால் போனது. முதல் இழுப்பில் கத்தி பள்ளத்தில் தடுமாறியது. அடுத்ததில் தடுமாற்றம் குறைந்தது. பிறகு கத்தி ஒரே சீராக ஓடியது. தீட்டி முடித்ததும் அவள் கத்தியை மடக்கிப் பூர்ணிமாவிடம் நீட்டினாள்.

பூர்ணிமா அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நின்னுக்கிட்டே இருக்காத" என்றாள் லின்சி. "அடுத்த கத்தியக் குடு."