அறுபத்துநாலாம் இலக்கத்து மாமா

செவ்வாய்க்கிழமை மாலை, துவைத்து வந்த காலுறைகளைத் தைத்த பெயர் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த விடுதி மேட்ரன் பியற்றிஸ், தலை நிமிராமலே சொன்னார்.

"உன் மாமா போன் செய்தார், வதனா. வெள்ளிக்கிழமை நாலரைக்குத் தானே நேரில் வந்து உன்னைக் கூட்டிப்போகிறாராம். பாவம், பல்வலி இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. வாயைத் திறக்கவே கஷ்டப்பட்டார்."

"தேங்க் யூ, மேட்ரன்" என்றாள் வதனா. இரண்டு வருட விடுதி வாழ்க்கையில் எதற்கும் தேங்க் யூ சொல்லிப் பழகிவிட்ட வாய். தன் காலுறைகளை வாங்கிக்கொண்டு பாதி மாடி ஏறிய பிறகுதான் கால்கள் நின்றன. அவளுக்கு லண்டனில் மாமா என்று யாருமில்லை.

தில்லையம்பலம் மாமாவை உண்டாக்கியவளே அவள்தான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பா சாம்பியாவில், கிற்வே செப்புச் சுரங்கத்தில் இஞ்சினியர். அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளைக் கொம்பனியே லண்டனில் விடுதியுள்ள சர்வதேசப் பள்ளியில் சேர்த்துப் படிப்பித்தது. பள்ளி அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கார்டியனுக்கு. பிரித்தானியாவில் வசிக்கும் உறவினர் ஒருவர் வேண்டும். பெயர், விலாசம், தொழில், படம். அவர்களுடைய சொந்தமெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அப்பா மூன்று நாள் அந்தத் தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் "ஒரு ஆளை எழுதுவம்" என்றார்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது பிடித்திருந்தது. வி. தில்லையம்பலம், ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை, ஹவுன்ஸ்லோவில் வீடு, இலக்கம் அறுபத்துநாலு. கிற்வே ஸ்டூடியோக்காரரின் மேசை லாச்சியில் யாரும் வாங்க வராமல் கிடந்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்குள் நம்மவர் சாயலில் ஒருவர் இருந்தார். கோட்டு, ஒடுங்கிய கன்னம், காமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண். படத்தின் பின்னால் ஸ்டூடியோவின் ஊதா முத்திரைக்குக் கீழே, விதிப்படி, அவரது பெயரை நீலப் பேனையால் எழுதி, நாலு மூலையிலும் பசை வைத்து ஒட்டியதும் அவள்தான். சுரங்க அலுவலகத்தில் யாரும் வாசித்துப் பார்க்காமலே சீல் குத்தினார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் மாமா அவளுடைய இடக் கையால் ஒரு கடிதம் எழுதுவார். நைட் ஷிப்ட், வர முடியவில்லை, மருமகளை அவளுடைய சிநேகிதி நீலவேணியின் அத்தை வீட்டாரோடு ரெய்னர்ஸ் லேனுக்கு அனுப்பிவையுங்கள். ஒரே சாக்கை எத்தனை தரம் சொல்வது? ஒரு தடவை மனைவி இறந்துபோனாள். இன்னொரு தடவை சரக்குப் பெட்டி விழுந்து இடது கால் நசுங்கியது. மே மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு வராமலிருக்கக் கடும் பல்வலி. கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு கிடக்கிறேன் என்று எழுதியபோது, தன் கெட்டித்தனத்தை நினைத்து அவளே சிரித்துக்கொண்டாள்.

இந்தத் தவணையின் நடு விடுமுறைக்குக் கடிதம் செல்லாது என்று அதிபர் அறிவித்துவிட்டார். பையன் ஒருவன் பொய்க் கடிதம் கொடுத்து ஒரு வாரம் ஊர் சுற்றியிருந்தான். இனிக் கார்டியன் நேரில் வர வேண்டும். வராவிட்டால் பெற்றோருக்கும் அவர்களின் கொம்பனிக்கும் தந்தி போகும். இரண்டு வாரமாக வதனாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கிருந்தாவது தில்லையம்பலம் வந்துவிட மாட்டாரா என்று, பைத்தியம்போல, நினைத்தும் இருந்தாள்.

அந்தச் செவ்வாய் இரவு எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, படிக்கு அடியில் இருந்த போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். வழக்கமான இரைச்சல். ஆனால் பேசும் பக்கத்துத் துளைகளிலிருந்து கிராம்பு மணத்தது.

"உங்கப்பா யாரையாச்சும் ஏற்பாடு பண்ணியிருப்பாருடி" என்றாள் நீலவேணி. சிங்கப்பூர்க்காரி, பக்கத்துக் கட்டில், விடுதியில் இந்தப் பொய் தெரிந்த ஒரே ஆள். "நல்லதுதானே? நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"பல்வலி எண்டு சொன்னவராம். அது நான் எழுதினது. அப்பாவுக்குத் தெரியாது."

நீலவேணி தலையணையைத் தட்டிப் போட்டாள். "எல்லாருக்கும்தான் பல்லு வலிக்கும்."

புதன்கிழமை அப்பா போன் எடுக்கும் நாள். மூன்று நிமிடம், கடலுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல.

"அப்பா, தில்லையம்பலம் மாமா வெள்ளிக்கிழமை வாறாராம்."

சற்றுப் பிந்தி அப்பாவின் சிரிப்பு வந்தது. "கெட்டிக்காரி! ஆரைப் பிடிச்சனி? ரெய்னர்ஸ் லேன் ஆக்களே?"

"நீங்கள் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையே?"

"நான் ஆரிட்டைச் சொல்லுறது? கவனம் பிள்ளை. இஞ்சை ஒபிசிலை எல்லாற்றை பைலையும் திரும்பப் பாக்கிறாங்கள். பொய்யெண்டு பிடிச்சால் வேலை போயிடும். பிறகு எல்லாரும் ஊருக்குத்தான் போகவேணும். ஊர் இப்ப கிடக்கிற கிடையிலை…"

இணைப்பு அறுந்தது. ஊர் கிடக்கிற கிடை அவளுக்கும் தெரியும். பொது அறைத் தொலைக்காட்சிச் செய்தியில் இரண்டு வாரமாக இரண்டு இரண்டு வரியாக யாழ்ப்பாணம் எரிந்துகொண்டிருந்தது. கிற்வேயில் இருக்கும் பதினொரு வயதுத் தம்பி அந்த இடத்தில் நிற்பதை நினைத்தாள். போனை வைத்த கையை முகர்ந்தாள். கிராம்பு.

அந்த வாரம் முழுக்க ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் இருக்க அவளால் முடியவில்லை. அந்த மாதம் அடித்த புயலில் விழுந்த பெரிய மரத்தை வாசலில் இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசை வகுப்பறை, சாப்பாட்டறை, குளியலறை எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து, உயிரியல் பாடத்தில் பல்லின் குறுக்குவெட்டை வரையும்போது பென்சில் நுனிவரை வந்து நின்றது. மரம் போன இடத்தால் வெறும் வானம் தெரிந்தது. மணியைப் பார்ப்பாள், எழும்புவாள், சன்னலுக்குப் போவாள், திரும்பி வருவாள். படிக்கிற நேரத்தில் ஏன் நடக்கிறாய் என்று ஆசிரியை கேட்டபோது மறுபடி மணியைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. உறையில் இருந்த எழுத்தை எங்கும் அடையாளம் கண்டிருப்பாள். இடப்பக்கம் சரிந்து, வால் நீண்ட எழுத்து. அவள் இடக் கையால் எழுதும் எழுத்து.

"பிள்ளைக்கு, இரண்டு வருசம் எனக்காக நீ எழுதினாய். இனி நானே எழுதுவன். அறை ஒழுங்காக்கிப் போட்டன். 64."

கோடையில் ஒருநாள் நீலவேணியோடு பஸ் ஏறிப்போய் அந்தத் தெருவைப் பார்த்திருக்கிறாள். வீடுகள் ஐம்பத்தெட்டோடு முடிந்துவிடும். அதற்கப்பால் ரயில்வே வேலி, முட்செடி, ஒரு பழைய மெத்தை. அறுபத்துநாலு இல்லை என்பதில் அன்றைக்கு அவளுக்குப் பெரிய நிம்மதி.

வெள்ளி இரண்டு மணிக்கு நீலவேணியின் அத்தை அமராவதி காரோடு வந்தார். நீலவேணி பெட்டியை மூடிவிட்டு, மூடிய பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உண்மைய சொல்லிட்டு எங்ககூட வந்துடு, வதனா."

"ஏலாது."

"அப்புறம் அந்த ஆளு யாருன்னே தெரியாம…"

"ஏலாது நீலா. அப்பான்ரை வேலை."

ஒவ்வொரு காராக வர, பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் குறைந்தார்கள். லாகோஸ்காரி போனாள், ஹொங்கொங் சகோதரிகள் போனார்கள். நாலு மணிக்கு மரம் அறுக்கும் ஓசை நின்றது. போன ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அதனால் நாலரைக்கே இருட்டத் தொடங்கியது. கட்டில்கள் எல்லாம் விரிப்பு உரித்துக் கிடந்த நீண்ட அறையில் தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு நின்றவளுக்குச் சட்டென்று ஒரு தைரியம் வந்தது. சொல்லிவிடலாம். என்ன வந்தாலும் வரட்டும், சொல்லிவிடலாம். படிகளில் ஓடினாள்.

"மேட்ரன், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்."

மேட்ரனின் மேசையில் அவளுடைய கோப்பு திறந்து கிடந்தது. கார்டியன் பக்கத்தில் படம் இருந்த இடத்தில் நாலு மஞ்சள் பசைப் பொட்டுகள் மட்டும் இருந்தன.

"எங்கே கழன்று விழுந்ததோ தெரியவில்லை" என்றார் மேட்ரன். "நல்லவேளை, முகம் எனக்கு ஞாபகம். அச்சாக அதே முகம், ஒரு வயதுகூட ஏறவில்லை."

"வந்துவிட்டாரா?"

"அரை மணி நேரமாயிற்று. எவ்வளவு மரியாதையான மனிதர்! இந்த அறையிலிருந்து போகும்போது எனக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார். உங்கள் ஊர் வழக்கமா அது?" மேட்ரன் எழுந்து பதிவேட்டைத் தேடினார். "நீ போய்ப் பார். நான் இதை எடுத்துக்கொண்டு வருகிறேன். இவர்தான் உன் மாமா என்று நீ வாயால் சொல்ல வேண்டும், புது விதி. நீ என்ன சொல்ல வந்தாய்?"

"பிறகு சொல்கிறேன்" என்றாள்.

பார்வையாளர் அறை கூடத்தின் கடைசியில். கதவு பாதி திறந்திருந்தது. கிராம்பு மணம். அதற்குள் வேறொன்று, ஈரக் கடதாசி மணம். விளக்குப் போடவில்லை. சன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில், சுவரோடு ஒட்டிப் போட்ட கதிரையில், ஒருவர். கையைக் கன்னத்தில் வைத்திருந்தார்.

"வா பிள்ளை."

வதனா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு ஒரே குத்து. மே மாசம் எழுதினாய். அண்டைக்குத் தொடங்கினது. எப்ப சுகம் வரும் எண்டு நீ எழுதேல்லை."

"நீங்கள் ஆர்?"

"காலையும் நீதான் முறிச்சனி." குரல் கோபமில்லாமல், களைத்துப்போன குரல். "மனுசியையும் நீதான் சாக்காட்டினனி. நல்ல மனுசியாத்தான் இருந்திருப்பாள். ஒரு பேர்கூட வைக்கேல்லை நீ. வீடு வெறிச்செண்டு கிடக்கு, பிள்ளை. அதுக்குள்ளை ஒருத்தரையும் நீ எழுதேல்லை."

அவள் கை சுவரில் சுவிட்சைத் தேடியது. கிடைத்தது.

அறை நிறத்தோடு எழும்பியது. சிவப்புக் கம்பளம். பச்சைத் திரை. பழக்கிண்ணத்தில் செம்மஞ்சள் தோடம்பழம். கதிரையில் இருந்தவருக்கு மட்டும் நிறம் வரவில்லை. கோட்டுக் கறுப்பு. சட்டை வெள்ளை. கன்னம் சாம்பல். உதடு சாம்பல். வாயைத் திறந்தபோது நாக்கும்.

கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இமைக்கவில்லை.

பின்னால் மேட்ரனின் சப்பாத்துச் சத்தம். பதிவேடு மேசையில் விரிந்தது. சாம்பல் இடக் கை பேனையை எடுத்துக் கையெழுத்திட்டது. வால் நீண்ட எழுத்து. மேட்ரன் அந்த முகத்தைப் பார்த்து, ஒரு வித்தியாசமும் காணாதவர்போலப் புன்னகைத்தார்.

"இவர்தானே உன் மாமா, வதனா?"

இல்லை என்றால் போதும். ஒரே ஒரு சொல். அதற்குப் பிறகு தந்தி. பிறகு அப்பா கிற்வேயில் பெட்டி கட்டுவார். பிறகு விமானம். பிறகு தொலைக்காட்சியில் இரண்டு வரி, அந்த இரண்டு வரிக்குள் அம்மா, தம்பி. அவளுக்கு அழுகை வந்தது. பயம் வந்தது. அப்பாமேல் கோபமும் வந்தது, முதல் தடவையாக.

"ஓம்" என்று தமிழில்தான் வாய் சொன்னது. பிறகு ஆங்கிலத்தில். "ஆமாம், மேட்ரன்."

"நல்ல விடுமுறையாக இருக்கட்டும்!"

அவர் அவளை முன்னால் விட்டார். கூடம் முழுக்க முன்னால் விட்டார். இடது கால் இழுபடும் சத்தம் பின்னால் வந்தது. வாசல் கதவைத் திறந்து பிடித்த மேட்ரனுக்கு முகம் காட்டியபடியே அவர் பின்பக்கமாக வெளியே வந்தார். குளிர். எங்கோ தூரத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள். மேட்ரன் கையசைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகுதான் அவர் அவளைக் கடந்து முன்னே வந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி ஈரமாக, மெல்லியதாக இருந்தது. இழுத்தாள். வரவில்லை. அறுத்துப் போட்ட மரத்துண்டுகளுக்கு நடுவால் கேற்றை நோக்கி நடந்தார்கள், அவர் முன்னால், அவள் பின்னால். கேற்றடி விளக்கு ஒருதரம் மினுங்கிப் பற்றிக்கொண்டது.

அவருக்குப் பின்தலை இல்லை. கழுத்து இல்லை. கோட்டின் முதுகு இல்லை. உச்சியிலிருந்து கால்வரை ஒரே வெள்ளை, சப்பட்டையான, பழுப்பேறிய கடதாசி வெள்ளை. மூலைகளில் காய்ந்த பசை. நடுவில் ஊதா முத்திரை. அதற்குக் கீழே நீல மையில், பதின்மூன்று வயதில் அவள் வலக் கையால் கவனமாக எழுதிய உருண்டை எழுத்துகள், அவர் நொண்டும் ஒவ்வொரு அடிக்கும் ஒருதரம் மடங்கி விரிந்தன.