ரெண்டாவது சத்தம்

நல்லதண்ணிக்குப் போற பஸ்ஸ விட்டு எறங்குனப்பவே பனி எறங்கிருச்சு. மத்தியானச் சோறு தின்னுட்டுதான் ஹட்டன்ல பஸ் ஏறுனோம், ஆனா ரோட்டப் பாத்தா பொழுது சாஞ்ச மாதிரி இருந்துச்சு. கையப் புடிச்சிக்கிட்டு எம் மகன் திலக்ஷன். அஞ்சு வயசாகப் போவுது. காது நல்லாக் கேக்கும், ஓடுவான், குதிப்பான், எங்கிட்ட அடி வாங்குனா ஊரு கூட்டி அழுவான். பேச்சு மட்டும் கெடையாது. "அம்மா"ன்னு ஒரு வார்த்த கூடச் சொன்னதில்ல.

எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல இருக்குறவளுங்க வாயி சும்மா இருக்குமா? "வினோதா பேசுற பேச்சுல புள்ளைக்கு எடம் கெடைக்கல"ன்னு சிரிப்பாளுங்க. நானும் கூடச் சிரிச்சிட்டு, காம்பராவுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு அழுவேன். அவன் அப்பா கொழும்புல ஒரு கடையில நிக்கிறாரு. போன் எடுத்தா மொதக் கேள்வியே "பேசுறானா?"தான். அந்த ஒரு வார்த்தய மட்டும் கேட்டுட்டாப் போதும், வேற எதுவுமே வேணாஞ்சாமின்னு நான் கும்புடாத கோயில் இல்ல.

நாங்க பாக்கப் போன கௌசி மிஸ் யாழ்ப்பாணத்து ஆளு. பேச்சு வராத புள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்குறவங்க. ஆஸ்பத்திரியில அவங்களப் பாக்க மாசக் கணக்காக் காத்துக் கெடக்கணும்னு, வாடகைக்கு எடுத்த வீட்டுத் தோட்டத்துல இருந்த ஒத்த அறையச் சுத்தம் பண்ணி, ஞாயித்துக்கெழமையில அங்க வச்சிப் பாக்குறாங்க. பூச்செடியெல்லாம் தாண்டி, மண்மேட்ட ஒட்டி நின்னுச்சு அந்த அறை. மஞ்சப் பெயின்ட் அடிச்சி, சுவத்துல ஆன குதிர படம் ஒட்டி, கீழ ரப்பர் பாய் விரிச்சி, புள்ள ஒசரத்துக்கு ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருந்தாங்க. வாய எப்புடி அசைக்கிறதுன்னு பாத்துப் பழகுறதுக்காம்.

அழகாத்தான் இருந்துச்சு. ஆனா நான் பொறந்ததே லயத்துல. அந்த சின்ன ஜன்னல், குனிஞ்சி போற கதவு, முன்னால இஸ்தோப்புத் திண்ண. இது லயத்துக் காம்பரான்னு எனக்கு ஒரே பார்வையில தெரிஞ்சிருச்சு. லயம்னா வரிசையா ஒட்டிக்கிட்டு நிக்கணும். இது ஒண்ணு மட்டும் எப்புடித் தனியா நிக்குது?

"மத்தக் காம்பராவெல்லாம் எங்க மிஸ்?"

"எனக்குத் தெரியேல்லை வினோதா. நான் வரேக்கயே இப்பிடித்தான் இருந்தது. வடிவான அறை, என்ன?"

வடிவான அறைதான். ஈர மண்ணு வாட மட்டும் வந்துச்சு. எங்க பக்கத்துல எந்த வீட்டுலதான் அது வராதுன்னு விட்டுட்டேன்.

மிஸ் எனக்கு இஸ்தோப்புல ஒரு பெஞ்சு போட்டுக் குடுத்தாங்க.

"நீங்கள் வெளியில இருங்கோ. அப்பத்தான் உங்களைக் கூப்பிடோணும் எண்டு அவனுக்கு வரும். ஒருக்கா என்ன சத்தம் போட்டாலும் உடன 'என்ன' எண்டு கேட்டுக்கொண்டு ஓடி வாங்கோ. பிந்தினா, கூப்பிட்டுப் பிரயோசனமில்லை எண்டு அவன் விட்டிடுவான்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எங்க மலையில அப்புடி இல்ல மிஸ். கொழுந்தெடுக்குறப்ப பனி மூடிருச்சின்னா, யாரு கூப்புட்டாலும் மொத சத்தத்துக்கு நாங்க வாயத் தொறக்க மாட்டோம். மனுசன்னா ரெண்டாவது தடவ கூப்புடும். மத்தது ஒரு தடவதான் கூப்புடும்."

"மத்தது எண்டா?"

"அட, பேய் மிஸ்!"

மிஸ்ஸும் சிரிச்சாங்க. "இந்த அறைக்குள்ள அந்தக் கதை வேண்டாம். இஞ்ச முதல் சத்தத்துக்கே பதில் சொல்லோணும்."

அந்த வீட்டுல கூட்டித் தொடைக்க பேச்சியம்மான்னு ஒரு அக்கா வரும். அம்பது வயசு இருக்கும், வாயத் தொறந்து பேசாது. புள்ளைக வாரதுக்கு முந்தி அந்த அறையக் கூட்டும். கதவத் தொறக்குறப்பல்லாம் "இந்தா வந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே உள்ள போகும். "யாருக்குக்கா சொல்றீங்க, வெளக்கமாத்துக்கா?"ன்னு நான் ஒரு நாளு கிண்டல் பண்ணேன். அது சிரிக்கல. என்னய ஒரு பார்வ பாத்துட்டு, கூட்டப் போயிருச்சு.

வாரம் வாரம் போனோம். மிஸ் சோப்பு நொரையில முட்ட விடுவாங்க, பொம்மையத் தூங்க வப்பாங்க, கண்ணாடிக்கு முன்னால ஒக்கார வச்சி "ம்மா, ம்மா"ன்னு வாயக் காட்டுவாங்க. திலக்ஷன் எல்லாத்தையும் செய்வான். சத்தம் மட்டும் வராது. அவனுக்குப் புதுசா ஒரு பழக்கம் வந்துச்சு. பாயில ஒக்காருறப்ப நடுவுல ஒக்கார மாட்டான். ஓரத்துல ஒண்டிக்கிட்டு, பாதிப் பாய வெறுமன விட்டுடுவான். நகத்தி ஒக்கார வச்சா மறுபடி ஓரத்துக்குப் போயிருவான். அப்பறம் பின்சுவத்துல காத வச்சிக் கேப்பான். மண்மேட்டுப் பக்கத்துச் சுவரு அது.

ஒரு நாளு மஞ்சச் சுவத்துல, கீழாப்புல, மண்ணு ஒட்டுன கைத்தடம் இருந்துச்சு. சின்னக் கை. "திலக், செருப்பு மண்ணைத் தொட்டிட்டு சுவரில பூசப்பிடாது"ன்னாங்க மிஸ். எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. எம் புள்ள கையத் தூக்கிக் காட்டுனேன்.

"பாருங்க மிஸ். சுத்தமா இருக்கு."

மிஸ் அவன் கையப் பாத்தாங்க. ஈரத் துணியால தொடச்சாங்க. தொடச்ச எடத்துலேருந்து இன்னும் நல்லா மண்ணு வாட வந்துச்சு.

அதுக்கு அடுத்த வாரம்தான்.

நான் பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். பனி இஸ்தோப்பு வரைக்கும் வந்து நின்னுச்சு. பூச்செடி தெரியல, மிஸ் வீடு தெரியல. உள்ள மிஸ்ஸோட கொரலு கேட்டுக்கிட்டிருந்துச்சு, அதுவும் நின்னுச்சு.

"அம்மா."

ஐயோ, நான் எப்புடிச் சொல்லுவேன்! அஞ்சு வருசமா எதுக்குத் தவம் கெடந்தேனோ அது காதுல விழுந்துச்சு. மலையாவது, பனியாவது, மொத சத்தமாவது? கண்ணுல தண்ணி பொங்கிருச்சு. "என்னா சாமி! இந்தா வந்துட்டேன்!"னு கத்திக்கிட்டு கதவத் தள்ளிட்டு உள்ள ஓடுனேன்.

கண்ணாடிக்கு முன்னால திலக்ஷன் ஒக்காந்திருந்தான். பக்கத்துல மிஸ். மிஸ்ஸோட மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு.

"மிஸ், கூப்புட்டான்! கேட்டீங்கல்ல?"

மிஸ் கண்ணாடியவே பாத்துக்கிட்டிருந்தாங்க.

"வினோதா... அவன்ர வாய் அசையேல்லை."

"என்னா சொல்றீங்க?"

"நான் அவன்ர வாயைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். மூடினபடிதான் இருந்தது."

திலக்ஷன் என்னயப் பாக்கல. பக்கத்துல வெறுமனையா கெடந்த பாதிப் பாயப் பாத்து சிரிச்சிக்கிட்டிருந்தான்.

ரப்பர் பாயில அந்தப் பாதி மட்டும் அமுங்கியிருந்துச்சு.

பின்னால தொப்புன்னு ஒரு சத்தம். திரும்புனா வாசல்ல பேச்சியக்கா. வெளக்கமாறு கீழ கெடக்கு. அதோட மூஞ்சியப் பாத்ததுமே அதுக்கும் கேட்டிருச்சின்னு தெரிஞ்சிது.

"எம் மக"ன்னுச்சு. "நிஷாந்தி."

இஸ்தோப்புலதான் ஒக்காந்து சொல்லுச்சு. அந்த எடத்துல ஒரு லயமே இருந்திச்சாம். இது கடசிக் காம்பரா, அக்காவும் மகளும் இருந்த காம்பரா. விடாம மழ பேஞ்ச ஒரு சாயங்காலம், பேச்சியக்கா மேல கோயில் பக்கம் வெறகு பொறுக்கப் போயிருந்திச்சாம். கண்ணுக்கு முன்னால கை தெரியாத பனி. கீழேருந்து "அம்மா"ன்னு ஒரு சத்தம்.

"மொத சத்தம்"னு சொல்லுச்சு பேச்சியக்கா. "நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். ரெண்டாவது தடவ கூப்புடட்டும்னு நின்னேன். அதுக்குள்ள மேடு சரிஞ்சி எறங்கிருச்சு."

மத்தக் காம்பராவெல்லாம் மண்ணோட போயிருச்சாம். இது ஒண்ணு மட்டும் நின்னுச்சாம். ஆனா நிஷாந்தி உள்ள இல்ல. அம்மாவத் தேடி வெளிய வந்திருக்கா. கடசி வரைக்கும் ஆளு கெடைக்கல.

"என்னய மன்னிச்சி ஒரு தடவ கூப்புட்டுருவான்னுதான் இந்த வீட்டுலயே வேல கேட்டு வந்தேன். தெனமும் பதில் சொல்லிக்கிட்டுதான் கதவத் தொறக்குறேன். ஒரு நாளும் கூப்புடல." அது என்னய நிமிந்து பாத்துச்சு. கண்ணுல கோவம் இல்ல. இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். "நீ சொல்லிட்டியே தாயி. மொத சத்தத்துக்கே சொல்லிட்டியே."

நான் புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனேன். பஸ்ஸுல ஒரு சீட்டுதான் இருந்துச்சு. ஜன்னல் பக்கம் அவன ஒக்கார வச்சேன். அவன் ஓரத்துல ஒண்டிக்கிட்டு, எனக்கும் அவனுக்கும் நடுவுல எடம் விட்டான்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிக்கிட்டிருக்கேன். திலக்ஷன் கட்டுலு மேல ஒக்காந்து எங் கண்ணுக்கு முன்னாலதான் இருக்கான். வாயத் தொறந்தான்.

"அம்மா."

இந்தத் தடவ வாயி அசஞ்சிச்சு. சத்தியமா அவன்தான். அவனக் கட்டிப் புடிச்சி கதறிட்டேன். அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, மறுபடி கூப்புடுடான்னா மாட்டேங்கிறான். ஒரு நேரத்துக்கு ஒரு தடவதான் கூப்புடுவான். அது ஒரு சந்தோசம்னா, பின்னாலயே வந்துச்சு பயம்.

அந்தக் கொரலும் இந்தக் கொரலும் ஒண்ணு.

துளி வித்தியாசம் இல்ல.

மக்கா நாளு தண்ணிப் பைப்புல நிக்கிறேன், பின்னால "அம்மா"ன்னு கேட்டுச்சு. திரும்பல, வாய மூடிக்கிட்டேன். மறுபடி கூப்புட்டாப் பாப்போம்னு நின்னேன். கூப்புடல. மெதுவாத் திரும்பிப் பாத்தா, எம் புள்ளதான் நிக்கிறான். ஒதடு பிதுங்கிருச்சு. அன்னைக்கு முழுக்க அவன் வாயே தொறக்கல. அடுத்த நாளும் அப்புடியே ஆச்சு. கௌசி மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். அவங்க அந்த அறையப் பூட்டிட்டாங்க. இப்ப வீட்டு முன் விறாந்தையிலதான் புள்ளைகளப் பாக்குறாங்க.

"பதில் சொல்லுங்கோ வினோதா"ன்னாங்க. "பயமாத்தான் இருக்கும். ஆனா இப்ப சொல்லாட்டி, பேச்ச நிப்பாட்டிடுவான். பிறகு என்னாலயும் ஒண்டும் செய்ய ஏலாது."

நீங்களே சொல்லுங்க, நான் என்னா பண்றது? எவளுக்கு வந்திருக்கு இந்தக் கொடும? யாரு கூப்புட்டாலும் சரின்னு மனசக் கல்லாக்கிட்டேன். "அம்மா"ன்னு கேட்டா "என்னா சாமி"ம்பேன். சில நேரம் திலக்ஷன் நிப்பான், கை நீட்டுவான். சில நேரம் அங்க யாரும் இருக்க மாட்டாங்க. ஈர மண்ணு வாட மட்டும் இருக்கும். எம் புள்ள இப்ப "தண்ணி"ங்கிறான், "பஸ்"ங்கிறான். எல்லாரும் கௌசி மிஸ்ஸோட கைராசிங்கிறாங்க.

போன ஞாயித்துக்கெழம பேச்சியக்கா எங்க லயத்த விசாரிச்சிக்கிட்டு வந்துச்சு. இஸ்தோப்புல ஒக்காந்துச்சு.

"ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன் தாயி. வேற ஒண்ணும் வேணாம்."

பிளேன்டீ ஊத்திக் குடுத்தேன். திலக்ஷன் எம் மடியில ஒக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தான். அந்தி வரல, ஆனா பனி எறங்கிருச்சு. எதுத்த லயம் மறஞ்சிருச்சு.

காம்பராவுக்குள்ளேருந்து வந்துச்சு.

"அம்மா."

திலக்ஷன் வாய் நெறைய பிஸ்கட்.

நான் வாய இறுக்கி மூடிக்கிட்டேன். இது அந்த அக்காவோடது, அதுவே சொல்லட்டும்.

பேச்சியக்கா எந்திரிச்சி நின்னுச்சு. "என்னா கண்ணு... இந்தா, அம்மா வந்துட்டேன்."

ஒண்ணும் இல்ல. தகரத்துலேருந்து தண்ணி சொட்டுறது மட்டும் கேட்டுச்சு.

அது அப்புடியே நின்னுச்சு. அன்னைக்கு மலையில எப்புடி நின்னிருக்கும்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு.

அப்பறம், ஒரு தடவதான் கூப்புடும்னு நாங்க நம்பிக்கிட்டிருக்குறது, ரெண்டாவது தடவயும் கூப்புட்டுச்சு.

பேச்சியக்கா பக்கத்துலேருந்து இல்ல.

என் காதுகிட்ட.

"அம்மா."

திலக்ஷன் எம் மடியில ஓரத்துக்கு நகந்து ஒண்டிக்கிட்டு, பாதி மடிய விட்டுக் குடுத்தான்.

பேச்சியக்கா என்னயப் பாத்துச்சு. கண்ணுத்தண்ணி கன்னத்துல வழியுது, தொடைக்கல.

"சொல்லு தாயி"ன்னு கிசுகிசுத்துச்சு. "காக்க வைக்காத. சொல்லிரு."

"என்னா சாமி"ன்னேன்.

மடி கனத்துச்சு.