கூடுதலாக ஒரு ஃபீல்டு

தொழிற்சாலையின் ஆட்கள் அட்டவணையில் ஒரு ஃபீல்டு, விவரம் நிரப்பும் ஒரு பத்தி, கூடுதலாக இருந்தது. மெயின் ஆபீஸ் அட்டவணையில் அது இல்லை. இரண்டும் ஒத்துப்போகாததால் காலையிலிருந்து விவரங்கள் அங்கே போய்ச் சேராமல் திரும்பி வந்தன. அந்த ஃபீல்டின் பெயர், இடது கை.

ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒன்று. போன வருடம் பிரஸ் மெஷினில் கையைக் கொடுத்த மேஸ்திரிக்கு மட்டும் பூஜ்யம். இன்சூரன்ஸுக்காக யாரோ சேர்த்திருப்பார்கள் என்று அட்டவணையைப் பராமரிக்கும் அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அதைத் திறக்கிற பாஸ்வேர்டு அவளிடம் மட்டும்தான் இருந்தது.

ஜன்னலில்லாத அறை. கீழே பிரஸ் மெஷின்கள் தகடு வெட்டும் சத்தம் தரை வழியாக ஏறி, நாற்காலிக் கால்களில் நடுங்கி, அவள் முதுகுத்தண்டில் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது. சூடான எண்ணெய் வாடையோடு இன்று கறிக்கடை வாசலில் அடிக்கிற பச்சை வாடையும் கலந்திருந்தது. அந்த மெஷின்களில் ஒன்றில்தான் தம்பி நின்றான். வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள். "அவன் கைக்கு நீதான்டி பொறுப்பு" என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

மெயின் ஆபீஸ் சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சோடாபுட்டி என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும்.

"சார், உங்க டேபிள்ல இந்த ஃபீல்டு எப்பவாவது இருந்துதா?"

"இரும்மா, பாத்துச் சொல்றேன். ஒண்ணொண்ணாத்தானே தட்டணும்."

டக். நீண்ட இடைவெளி. டக்.

"இன்னொரு கைல டீ கிளாஸா சார்?"

"கிண்டலா? இங்க எல்லாருக்கும் இப்படித்தாம்மா." சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சரி பண்ணு. இடப்பக்கம் இருக்கறதப் பாத்து வலப்பக்கம் மாறிக்கும். உங்களத இடப்பக்கம் வை. மறந்துடாத தாயி. எங்களுக்கும் வரட்டும்."

என்ன வரட்டும் என்று அவள் கேட்கவில்லை. மெயின் ஆபீஸ் என்றால் இடப்பக்கம், வருடக்கணக்காக அப்படித்தான். விரல்கள் பழக்கதோஷத்தில் அதையே செய்தன. இருக்கும் விவரங்கள் அழியலாம், தொடரவா என்று திரை கேட்டது. அதைப் படிக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. தட்டினாள்.

மெஷின்கள் நின்றன. எல்லாமே. ஒரே நேரத்தில்.

பிறகு கீழேயிருந்த கூடம் முழுவதும் ஒற்றைத் தொண்டையாக அலறியது.

எழப் பார்த்தாள். இடப்பக்கம் சில்லென்றிருந்தது. கீபோர்டின் மேல் ஒரு கை கிடந்தது. மணிக்கட்டில் அறுந்து. புறங்கையில் பழைய தீத்தழும்பு. அவளுடைய கை. ரத்தம் எழுத்துகளின் இடுக்கில் இறங்கியது.

"உங்களத இடப்பக்கம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா." ஸ்பீக்கரில் அவர் அழுதார்.

சார்ஜர் ஒயரைப் பல்லால் இழுத்து முழங்கைக்குக் கீழே இறுக்கினாள். தம்பி. தம்பி. ஒற்றைக் கையால் அந்த ஃபீல்டைத் திரும்பச் சேர்த்தாள். வந்தது. எல்லா வரிசையும் காலி. அழிந்தது அழிந்ததுதான். புதிதாக நிரப்ப வேண்டும். தம்பியின் பெயரைத் தேடினாள். நேராக ஒன்று என்று அடித்தாள். சேமித்தாள்.

கீபோர்டைப் பார்த்தாள்.

கை இல்லை. அது கிடந்த வடிவத்தில் ரத்தம் மட்டும்.

படிகளில் காலடி. மெல்ல. கதவு திறந்தது. தம்பி, சுண்ணாம்பாய் வெளுத்த முகத்தோடு.

"வந்துடுச்சுக்கா. அறுந்து விழுந்தது, திரும்ப வந்துடுச்சு."

"காட்டுடா."

"ஆனா நான் சொல்றத கேக்க மாட்டேங்குதுக்கா."

நீட்டினான். தடித்த மணிக்கட்டின் முனையில் ஒரு சின்னக் கை. புறங்கையில் தீத்தழும்பு. அதன் விரல்கள் வெறும் காற்றில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. வேகமாக. பழக்கமாக.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். யாரும் தொடாத கீபோர்டிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. புதிதாக ஒரு ஃபீல்டு. அதன் பெயர், தலை. எல்லா வரிசையும் காலி.

சேமிக்கவா?

"அக்கா?" என்றான் தம்பி.

அவன் மணிக்கட்டில் அவளுடைய ஆள்காட்டி விரல், கடைசி விசைக்காக, மெல்ல உயர்ந்தது.