எல்லப்பனின் இடது கை

குன்றத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது ஞானம்மாவின் துப்பறியும் அலுவலகம். அலுவலகம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஓடினால் சத்தம் போடும் ஒரு ஃபேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளை குடிப்பானா, அவன் சொன்ன சம்பளம் நிஜமா என்று விசாரிக்கச் சொல்பவர்கள். அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை ஒரு இளம்பெண் படியேறி வந்ததும், உதவியாளன் கார்முகில் நோட்டைப் பிரித்து, "மாப்பிள்ளை பேரு, ஊரு சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டான்.

அவள் அழத் தொடங்கினாள். கார்முகிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞானம்மா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். போலீசில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவள். அழுகிறவர்களை ஒருநாளும் அவசரப்படுத்தமாட்டாள்.

வந்தவள் மதிவதனி. வல்லக்கோட்டைக்காரி, இருபது வயது. மெடிக்கல் அசிஸ்டெண்ட் படிப்பை முடித்து, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அவள் தெருவில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான்.

"உயரத்துல ஏறி வேலை செய்றவங்களுக்கு அன்னன்னைக்கு பிரஷர் பார்த்துத்தான் ஹைட் பாஸ் தரணும் மேடம். செவ்வாய்க்கிழமை ஆறு பேருக்குக் குடுத்தேன். அதுல எல்லப்பன்னு ஒருத்தர். காண்ட்ராக்ட் ஆளு. பிரஷர் நார்மலா இருந்துச்சு. பாஸ் குடுத்தேன். ஒரு மணி நேரத்துல கூரையிலேர்ந்து தலை சுத்தி வுழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில கொஞ்ச நேரந்தான் உசுரு இருந்துச்சாம்."

அவர் சட்டைப் பையில் பிரஷர் மாத்திரை அட்டை இருந்தது. மதிவதனி சேர்வதற்கு முன்னால் இரண்டு முறை, பிரஷர் ஏறியிருக்கிறது என்று அவருக்குப் பாஸ் மறுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அன்றைக்கு மட்டும் நார்மலாக எப்படி இருக்கும்?

"பாக்காமலே எழுதிட்டேன்னு கம்பெனியில சொல்றாங்க. எல்லப்பன் வீட்டம்மாகிட்ட எம்மேல புகார் எழுதி வாங்கப் போறாங்களாம். நாளைக்கு விசாரணை. அதோட என் படிப்பு, சர்டிபிகேட் எல்லாம் போச்சு. அதுகூடப் போகட்டும் மேடம். நான் தப்பாப் பார்த்துட்டேனோன்னு எனக்கே பயமா இருக்குது. நான்தான் அவரைக் கொன்னுட்டேனா?"

கார்முகில் துள்ளி எழுந்தான். "சூப்பர்வைசரு நம்பரை மாத்தி எழுதியிருப்பான்கா! அதான் விஷயம்!"

"எழுத்து என்னோடதுதாண்ணா," என்றாள் மதிவதனி, பாவம் போல.

அவள் போனில் ரிஜிஸ்டரின் படம் இருந்தது. ஞானம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எல்லப்பனுக்கு நேராக 124/82. பக்கத்தில் "வ" என்று ஓர் எழுத்து. மற்ற ஐந்து பேருக்கும் "இ".

"இது என்னம்மா?"

"எந்தக் கையில பார்த்தோம்னு எழுதணும்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. இடது கையிலதான் பார்ப்போம். அவருக்கு மட்டும் முழங்கைக்கு மேல பெரிய தீக்காயம், கொப்புளம் உடைஞ்சு பச்சையா இருந்துச்சு. பட்டை சுத்த முடியல. அதான் வலது கை. மருந்து போட்டு விடறேன், இருங்கன்னு சொன்னேன். அப்புறம் வரேன்னு போயிட்டாரு."

"பேரு கேட்டியா?"

"கழுத்துல கார்டு தொங்குச்சு. அதைப் பார்த்து எழுதிக்கிட்டேன்."

"முகம்?"

மதிவதனி தலையைக் குனிந்துகொண்டாள். "ஹெல்மெட்டு, மாஸ்க்கு... லைன்ல எல்லாரும் அவசரப்படுத்துனாங்க. நான் டயல் முள்ளைத்தான் பார்த்துக்கினு இருந்தேன் மேடம்."

ஞானம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "கார்முகிலு, ஆட்டோவை எடு. மண்ணூர்ல எல்லப்பன் வீட்டுக்குப் போகணும்."

எல்லப்பனின் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். பங்குனி வெயில் துணியைத் தாண்டி இறங்கியது. மதிவதனி ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வர அவளுக்குக் கால் வரவில்லை. பந்தலில் எல்லப்பனின் மனைவி சசிரேகா சுவரில் சாய்ந்து கிடந்தாள். எதிரே காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் புருஷோத்தமன் ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லப்பனோடு ஒரே கேங்கில், கீழே நின்று வெல்டிங் வேலை பார்த்த டில்லிபாபு, செத்தது தன் சொந்த அண்ணன் போல, நாற்காலி போடுவதும் டீ கொடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தான்.

கார்முகில் தன் பங்குக்குத் துப்பறிந்தான். புருஷோத்தமனின் செருப்பில் சேறு இருந்ததை நோட்டில் குறித்துக்கொண்டான். பக்கத்திலேயே தண்ணீர் டிரம் வழிந்து வாசலெல்லாம் சேறாகக் கிடந்தது. தன் செருப்பையும் ஒருதரம் பார்த்துவிட்டு, எழுதியதை அடித்துவிட்டான்.

"ஒரு கையெழுத்துதாம்மா," என்றார் புருஷோத்தமன். "அந்தப் பொண்ணு பாக்காமலே பாஸ் குடுத்துடுச்சு. டில்லி, நீ சாட்சி போடு."

டில்லிபாபு பேனாவை வாங்கினான். போடவில்லை.

ஞானம்மா தன்னை யாரென்று சொல்லிவிட்டு சசிரேகாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. அவரு இடது கையில தீக்காயம் ஏதாச்சும் இருந்துச்சா?"

"காயமா?" சசிரேகா நிமிர்ந்தாள். "ஆஸ்பத்திரியில உசுரு போற வரைக்கும் அந்தக் கையைத்தான்கா புடிச்சுக்கினு இருந்தேன். மேல என் பேரைப் பச்சை குத்திக்கினு இருந்தாரு. ஒரு கீறல் இல்ல அந்தக் கையில." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஞானம்மா கார்முகிலிடம், "அந்தப் பொண்ணைக் கூட்டிக்கினு வா," என்றாள். மதிவதனி வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், இந்தப் பொண்ணு பாக்காம எழுதல," என்றாள் ஞானம்மா, குரலை உயர்த்தாமல். "இட்டுக்கட்டி எழுதறவ எதுக்கு ஒரே ஒருத்தருக்கு மட்டும் கையை மாத்தி எழுதணும்? அவ பார்த்தது நிஜம். பார்த்த கையில தீக்காயம் இருந்ததும் நிஜம். ஆனா எல்லப்பன் கையில காயம் இல்ல, பச்சை குத்தியிருந்துச்சு. அப்போ அன்னைக்கு அந்த ஸ்டூல்ல உக்காந்தது யாரு? கார்டு எல்லப்பனோடது. கை எல்லப்பனோடது இல்ல."

புருஷோத்தமன் ஃபைலைத் தரையில் இறக்கி வைத்தார். ஞானம்மா தொடர்ந்தாள்.

"தீக்காயம் யாருக்கு வரும்? வெல்டருக்கு. ஹைட் பாஸ் வாங்கற லைன்ல வெல்டர் நிக்கவேண்டியதே இல்ல, கீழ வேலை செய்றவன். இந்த வெயில்ல முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுக்கினு, நாங்க வந்ததுலேர்ந்து அத்தனை நாற்காலியையும் வலது கையாலேயே தூக்கற ஆளு இங்க ஒருத்தர்தான் இருக்காரு."

பேனா கீழே விழுந்தது. டில்லிபாபு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வாட்டி திருப்பி அனுப்சிட்டாங்க அண்ணி. மூணாவது வாட்டியும் பாஸ் இல்லன்னா நாளைலேர்ந்து வராதேன்னு இந்த சூப்பர்வைசருதான் சொன்னாரு. அண்ணன் கெஞ்சிச்சு. புதுப்பொண்ணு வந்துகீது, நம்ம மூஞ்சி தெரியாது, ஒரே ஒரு வாட்டி எனக்காக உக்காந்துட்டு வாடான்னு சொல்லிச்சு. மாத்திரை போட்டுகீறேன், எறங்கிடும்னு சொல்லிச்சு. நம்பிட்டேன் அண்ணி. எங்கண்ணு முன்னாடிதான் வுழுந்துச்சு."

புருஷோத்தமன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஞானம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

சசிரேகா சுவரை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "எங்கிட்டயும் எறங்கிடுச்சுன்னுதான் சொன்னாரு," என்றாள். "ஏன்யா இப்படிப் பண்ணே? வூட்ல உக்காந்திருந்தா நான் கஞ்சி ஊத்தியிருக்க மாட்டேனா?" அவள் கேட்டது டில்லிபாபுவை அல்ல. ஃபைலில் இருந்த காகிதத்தை எடுத்துப் புருஷோத்தமனிடம் நீட்டினாள். "இந்தப் பொண்ணு மேல நான் எழுதித் தர மாட்டேன். எட்த்துக்கினு போ." அதன்பின் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டில்லிபாபுவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"நாளைக்கு விசாரணையில இதைச் சொல்லணும்," என்றாள் ஞானம்மா. டில்லிபாபு தலையாட்டினான்.

கார்முகிலுக்கு ஒரே சந்தோஷம். கேஸ் முடிந்தது, பெண் பிழைத்தாள்! திரும்பிப் பார்த்தால் மதிவதனியைக் காணோம். ஆட்டோவில் எப்போதும் இருக்கும் முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"சட்டையைக் கழட்டுங்க," என்றாள் டில்லிபாபுவிடம்.

அவன் தயங்கித் தயங்கிக் கழற்றினான். புண் சீழ் பிடித்து, சுற்றிலும் சிவந்திருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் நினைவில்லாவிட்டாலும் அந்தக் கை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"என்னை மன்னிச்சுடும்மா," என்றான் அவன்.

அவள் பஞ்சை எடுத்தாள். அழுதுகொண்டேதான் புண்ணைத் துடைத்தாள். ஆனாலும் கட்டை ஒழுங்காக, இறுக்காமல் போட்டாள். "இது போதாது, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் சீட்டு எழுதித் தரேன்," என்று கார்முகிலின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். தேதி போட்டாள். "இடது கை, தீக்காயம்" என்று எழுதினாள்.

பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. சூப்பர்வைசர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது ஆட்டோ வரைக்கும் கேட்டிருந்தது. இருந்தாலும் அவள் தலையை நிமிர்த்தி, அவன் முகத்தை நேராக, நிதானமாகப் பார்த்தாள்.

"உங்க பேரு?" என்று கேட்டாள்.